நிற்கும் நேரத்தை அளந்து தொடங்கினோம்: நிறுவன வண்டிகளை மின்சாரத்துக்கு மாற்றிய பதிவு

ஒரு நிறுவனத்தின் வண்டிகளை மின்சாரத்துக்கு மாற்றப் போகிறோம் என்று சொன்னதும் எல்லோரும் கேட்பது, "ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" என்பதைத்தான். எங்கள் வேலையில் அந்தக் கேள்வி வரிசையில் ரொம்பப் பின்னால் போய்விட்டது. வண்டி எங்கே நிற்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, நிற்கும் இடத்தில் எவ்வளவு மின்சாரம் எடுக்கலாம் என்ற மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகு மற்றதெல்லாம் ஓரளவு தானாகவே அடங்கியது. மாடல்களை ஒப்பிட்டுப் பார்க்க வந்தவர்களுக்கு இதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. யார்டு, பேனல், கேபிள், லாக் புக் பற்றித்தான் அதிகம் இருக்கும்.

எங்களிடம் இருந்தது கலவையான கூட்டம். ஊழியர்களை ஏற்றிச் செல்லும் கார்கள், பொருள் கொண்டுபோகும் சிறு வேன்கள், கருவிப் பெட்டியும் ஏணியுமாக அலையும் சர்வீஸ் வேன்கள், அப்புறம் யார் கேட்டாலும் சாவி கொடுக்கப்படும் பொது வண்டிகள். எல்லாமே டீசல் அல்லது பெட்ரோல்.

லாக் புக் சொல்லாதது

ஓட்டுநர்கள் பயணத்தைக் குறித்து வைக்கும் லாக் புக்கில் தூரம் ஓரளவு சரியாக இருக்கும், நேரம் இருக்காது. எல்லாரும் எட்டு மணி, ஒன்பது மணி என்று முழு மணியாகத்தான் எழுதுவார்கள். அதை வைத்து வண்டி நின்ற நேரத்தைக் கணக்கிட முடியாது. வண்டிகளில் ஏற்கெனவே ஜிபிஎஸ் கருவி இருந்ததால் அதன் பதிவுகளை எடுத்தோம். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. இக்னிஷன் போட்டிருந்தாலே வண்டி ஓடுவதாக அது கணக்கு வைத்துக்கொள்ளும். ஏசியைப் போட்டுக்கொண்டு ஓட்டுநர் காத்திருந்த நேரமெல்லாம் ஓட்டத்தில் சேர்ந்திருந்தது. வேகம் பூஜ்யமாக இருக்க வேண்டும், இடமும் மாறியிருக்கக் கூடாது என்று இரண்டையும் சேர்த்து வடிகட்டிய பிறகுதான் உண்மை நிலவரம் தெரிந்தது.

இப்படி ஒவ்வொரு வண்டிக்கும் அன்றன்று ஓடிய தூரம், யார்டில் தொடர்ந்து நின்ற நேரம், இரவு தங்கிய இடம் ஆகியவற்றை எடுத்தோம். கூடவே, ஏசியோடு நின்ற நேரத்தையும் தனியாகக் குறித்தோம். டீசல் வண்டியில் அதை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை. மின்வண்டியில் அது நேராகத் தூரத்தில் கைவைக்கும். ஏசி ஒரு கிலோவாட் எடுக்கிறது என்றால், ஆறு மணி நேரக் காத்திருப்புக்கு 6 யூனிட் போகும். 100 கிலோமீட்டருக்கு 20 யூனிட் குடிக்கும் வண்டிக்கு அது 30 கிலோமீட்டர்.

சராசரித் தூரத்தை மட்டும் பார்த்தால் எல்லா வண்டியையும் நாளைக்கே மாற்றிவிடலாம் போலத் தோன்றும். சராசரியை ஓரமாக வைத்துவிட்டு, ஒவ்வொரு வண்டியும் ஓடிய மிக நீண்ட நாட்களைப் பார்த்தோம். பெரும்பாலான நாட்களில் எழுபது, எண்பது கிலோமீட்டர் ஓடும் வண்டி, எப்போதாவது ஒரு நாள் முந்நூறைத் தொட்டுவிடும். அந்த ஒரு நாளுக்காகப் பெரிய பேட்டரி வாங்குவது, வருடம் முழுக்க அந்த எடையைச் சுமந்து திரிவதற்குச் சமம். அப்படிப்பட்ட நாளில் பொது வண்டி ஒன்றைக் கொடுப்பது அல்லது வழியில் டிசி (நேர்திசை மின்சார) வேகச் சார்ஜரில் நிறுத்தி ஏற்றிக்கொள்வது என்று வைத்தோம். ஆனால் நீண்ட நாட்கள் வாரத்துக்கு வாரம் வருகின்றன என்றால் அந்த வண்டியை முதல் சுற்றிலேயே சேர்க்கவில்லை. அதில் விவாதமே வைத்துக்கொள்ளவில்லை.

பட்டியல் முடிந்தபோது வண்டிகள் அவையாகவே பிரிந்து நின்றன. குறித்த வழியில் போய் மாலையில் யார்டுக்குத் திரும்பி, காலை வரை அசையாமல் நிற்பவை ஒரு பக்கம். ஊழியர்களோடு வீட்டுக்குப் போய்விடுபவை இன்னொரு பக்கம். இரண்டு ஷிஃப்டிலும் ஓடுவதால் நிற்கவே நேரமில்லாதவை மூன்றாவது பக்கம். முதல் கூட்டத்தில்தான் தொடங்கினோம்.

உலக அளவிலும் இந்த வரிசைதான் எடுபட்டிருக்கிறது. சீனாவின் ஷென்ஜென் நகரம் 2017 முடிவதற்குள் தன்னிடமிருந்த 16,000-க்கும் மேற்பட்ட நகரப் பேருந்துகளை முழுவதுமாக மின்சாரத்துக்கு மாற்றிவிட்டது. பேருந்துக்கு வழித்தடம் நிலையானது, இரவில் திரும்பும் டிப்போ நிலையானது. மறுபக்கம் ஹெர்ட்ஸ் என்ற அமெரிக்கக் கார் வாடகை நிறுவனம். 2021 அக்டோபரில் ஒரு லட்சம் டெஸ்லா கார்களை வாங்கப் போவதாக அறிவித்தது, 2024 ஜனவரியில் தன் மின்வண்டிகளில் சுமார் 20,000-ஐ விற்றுவிடப் போவதாகச் சொன்னது. மோதல் பழுதுக்கான செலவு அதிகமாக இருந்தது, பழைய மின்வண்டிகளின் விலையும் இறங்கியிருந்தது. வாடகைக் காரை இன்று ஒருவர் ஓட்டுவார், நாளை இன்னொருவர். வண்டி எங்கே தங்கும், எப்படிச் சார்ஜ் ஆகும் என்பதும் நிறுவனத்தின் கையில் இல்லை. இந்த இரண்டு கதைகளையும் மேலதிகாரிகள் முன்னால் வைத்த பிறகு, "எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் என்ன?" என்ற பேச்சு நின்றது.

யூனிட் கணக்கு

ஒரு வேன் ஒரு நாளைக்கு 120 கிலோமீட்டர் ஓடுகிறது, 100 கிலோமீட்டருக்கு 20 யூனிட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பேட்டரிக்குள் போக வேண்டியது 24 யூனிட். சுவரிலிருந்து வரும் ஏசி (மாறுதிசை) மின்சாரத்தை வண்டிக்குள் இருக்கும் சார்ஜர் டிசியாக மாற்றும்போது பத்து சதவீதமோ கொஞ்சம் கூடவோ வீணாகும். ஆக மீட்டரில் ஓடுவது 27 யூனிட் அளவுக்கு. வண்டி இரவில் பத்து மணி நேரம் நிற்கிறது என்றால், சராசரியாக 2.7 கிலோவாட் போதும்.

இந்த எண்ணைப் பார்த்துத்தான் 22 கிலோவாட் சார்ஜர் வேண்டும் என்ற யோசனையைக் கைவிட்டோம். ஒரு ஃபேஸ், 230 வோல்ட், 32 ஆம்பியர் என்றால் 7.4 கிலோவாட் வரும். மூன்று ஃபேஸில் அதே 32 ஆம்பியர் 22 கிலோவாட். ஆனால் ஏசி சார்ஜிங்கில் வேகத்தை முடிவு செய்வது வண்டிக்குள் இருக்கும் சார்ஜர்தான். 7.4 மட்டும் வாங்கக்கூடிய வண்டியை 22 கிலோவாட் பெட்டியில் மாட்டினாலும் 7.4-தான் ஏறும். பணம் பெட்டிக்கும் தடித்த கேபிளுக்கும் போனதுதான் மிச்சம்.

இப்படி இருபது வேன்கள் இருந்தால் ஒரு இரவுக்கு 540 யூனிட். பத்து மணி நேரத்துக்குப் பரப்பினால் 54 கிலோவாட். அதே இருபதும் மாலையில் வந்து நின்றதும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் இழுத்தால் 148 கிலோவாட். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் இந்தத் திட்டத்தின் செலவு பெரும்பாலும் ஒளிந்திருக்கிறது. 148-க்குத் தகுந்த மின் இணைப்பு கேட்டால் புது டிரான்ஸ்ஃபார்மர், புது மெயின் கேபிள், மாதக்கணக்கில் காத்திருப்பு. 54-ஐ ஒட்டி அடக்க முடிந்தால், இருக்கும் இணைப்பிலேயே வேலை முடியலாம். உச்சச் சுமைக்குத் தனிக் கட்டணம் போடும் இணைப்பாக இருந்தால் மாதாமாதம் பில்லிலும் இது தெரியும்.

பேனலைத் திறந்தபோது

கட்டடத்துக்கு மின்சாரம் கொண்டுவரும் மெயின் ஃபீடரில் மின்சுமையைப் பதிவு செய்யும் கருவியைச் சில வாரங்கள் மாட்டி வைத்தோம். பில்லில் இருக்கும் உச்ச எண் மட்டும் போதாது, எந்த நேரத்தில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரிய வேண்டும். இரவு பத்துக்கு மேல் தாராளமாக இருந்தது. மாலை ஐந்திலிருந்து எட்டு வரை கட்டடமும் ஓடும், வண்டிகளும் திரும்பும். அந்த நேரத்தில்தான் நெருக்கடி.

யார்டில் ஒரு வண்டிக்கு ஒரு சார்ஜர் என்று 7.4 கிலோவாட் பெட்டிகளைப் போட்டு, எல்லாவற்றையும் ஒரே சுமைப் பங்கீட்டு அமைப்பின் கீழ், அதாவது இருக்கும் மின்சாரத்தைச் சார்ஜர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் மென்பொருளின் கீழ் கொண்டுவந்தோம். ஒரு சார்ஜருக்கு இரண்டு வண்டி என்று வைத்தால் பெட்டிச் செலவு குறையும். ஆனால் நடு இரவில் எழுந்து வண்டியை மாற்றி நிறுத்த ஒருவர் வேண்டும். அந்த ஆளை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. பெட்டி வாங்கும்போது வைத்த நிபந்தனை ஒன்றுதான்: சார்ஜரும் அதை நிர்வகிக்கும் மென்பொருளும் பேசிக்கொள்ளும் ஓசிபிபி என்ற பொது நெறிமுறையில் பேச வேண்டும். 1.6 பதிப்பு 2015-லேயே வந்துவிட்டது, 2.0.1 பதிப்பு 2020-ல் வந்தது. இது இருந்தால் நாளைக்கு மென்பொருள் நிறுவனத்தை மாற்றினாலும் பெட்டிகளைப் பிடுங்க வேண்டியதில்லை.

பாதுகாப்பில் ஒரு விஷயத்தை எலெக்ட்ரீஷியனிடம் எழுதியே வாங்கினோம். மின்வண்டி சார்ஜரிலிருந்து டிசி கசிவு வர வாய்ப்பு உண்டு. மின்கசிவு வந்தால் விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் கருவிதான் ஆர்சிடி. அதில் டைப் ஏ வகை, 6 மில்லிஆம்பியருக்கு மேல் சீரான டிசி கசிந்தால் குருடாகிவிடலாம், ஏசி கசிவு வந்தாலும் விழாது. அதனால் ஒன்று டைப் பி ஆர்சிடி வேண்டும், இல்லையென்றால் சார்ஜருக்குள்ளேயே 6 மில்லிஆம்பியர் டிசி கசிவைக் கண்டுபிடிக்கும் வசதி இருந்து வெளியே டைப் ஏ வேண்டும். பழைய கட்டடங்களில் இன்னும் கிடக்கும் டைப் ஏசி வகை ஆர்சிடியை இதற்குப் பயன்படுத்தவே கூடாது.

வேலை முடிந்து ஓடத் தொடங்கியதும் முதலில் வந்த பிரச்சினை ரொம்பச் சாதாரணமானது. சில பிரேக்கர்கள் காரணமே இல்லாமல் விழுந்தன. அதுவும் சார்ஜ் ஆரம்பித்து ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து. கசிவு இல்லை, ஷார்ட் இல்லை. எம்சிபி எனப்படும் அந்தச் சிறு பிரேக்கரின் ஆம்பியர் மதிப்பு 30 டிகிரி செல்சியஸை வைத்துச் சொல்லப்படுவது. மூடிய பேனலுக்குள் பத்துப் பன்னிரண்டு எம்சிபிகளை இடைவெளி இல்லாமல் அடுக்கி, எல்லாவற்றிலும் 32 ஆம்பியர் தொடர்ந்து ஓடினால் உள்ளே சூடு ஏறும், 32 ஆம்பியர் எம்சிபி அதற்குக் கீழேயே விழத் தொடங்கும். வேறு மின்சாதனங்கள் இப்படி மணிக்கணக்கில் முழுச் சுமையை இழுப்பது அபூர்வம் என்பதால் பேனல் செய்பவர்களுக்கு இது பழக்கமில்லை. கேபிள் தாங்குமா என்று சரிபார்த்து 40 ஆம்பியருக்கு மாற்றி, இரண்டு பிரேக்கருக்கு நடுவே இடம் விட்டு, பேனலில் காற்று வழி போட்ட பிறகு அந்தத் தொல்லை நின்றது. அதே சமயத்தில் வெப்பக் கேமராவால் எல்லா இணைப்புகளையும் பார்த்தோம். சில டெர்மினல்கள் மற்றவற்றைவிட நன்றாகவே சூடாக இருந்தன. மறுபடி முறுக்கினால் போதுமானதாக இருந்தது. புது வேலை முடிந்து சில வாரத்தில் இந்தச் சோதனையை ஒருமுறை செய்துவிடுங்கள், எரிந்த வாசனை வரும் வரை காத்திருக்க வேண்டாம்.

பங்கீடு சொன்ன பேச்சைக் கேட்காத நாட்கள்

சார்ஜர் வண்டியிடம் பேசும் முறை சுவாரஸ்யமானது. மின்வண்டி சார்ஜிங்குக்கான ஐஇசி 61851 என்ற சர்வதேசத் தரத்தின்படி, கேபிளில் இருக்கும் ஒரு சிறு கம்பியில் வினாடிக்கு ஆயிரம் துடிப்பு கொண்ட சைகை போகும். அந்தத் துடிப்பின் அகலம்தான் "இவ்வளவு ஆம்பியருக்கு மேல் எடுக்காதே" என்ற செய்தி. பத்து சதவீத அகலம் என்றால் 6 ஆம்பியர், 53 சதவீதம் என்றால் 32 ஆம்பியர். பங்கீட்டு மென்பொருள் செய்வதெல்லாம் இந்த அகலத்தைக் கூட்டிக் குறைப்பதுதான்.

இதில் 6 ஆம்பியர்தான் அடித்தளம். அதற்குக் கீழே குறைக்க வழியில்லை, நிறுத்தத்தான் முடியும். மாலையில் கட்டடத்தின் சுமை போக 20 கிலோவாட் மிச்சம் என்றால், ஒரு ஃபேஸுக்கு 29 ஆம்பியர். ஆளுக்கு 6 என்று கொடுத்தால் ஃபேஸுக்கு நான்கு வண்டி, மொத்தம் பன்னிரண்டு. இருபது வேன்களில் மீதி எட்டும் காத்திருக்க வேண்டும். மென்பொருள் அப்படித்தான் செய்தது. காத்திருந்தவற்றில் சில தூங்கிப் போயின. நள்ளிரவில் மின்சாரம் தாராளமாக வந்தபோதும் எழவில்லை. காலையில் ஓட்டுநர் வந்து, "சார், கேபிள் மாட்டித்தான் போனேன், நேத்து விட்ட இடத்துலயே நிக்குது" என்றார். அவர் சொன்னது உண்மை.

இது வண்டி மாடலைப் பொறுத்தது. சில மாடல்கள் நீண்ட இடைநிறுத்தத்துக்குப் பிறகு கேபிளைக் கழற்றி மாட்டினால்தான் விழிக்கும். தீர்வு இரண்டு பக்கமும் வேண்டியிருந்தது. வண்டியின் மென்பொருளைப் புதுப்பித்தோம், சார்ஜரில் மறுபடி தொடங்கும்போது சைகையைச் சற்று நேரம் முழுதாகத் துண்டித்துவிட்டுக் கொடுக்கும் அமைப்பை இயக்கினோம். அதற்கும் மசியாத மாடலைக் காத்திருப்போர் வரிசையிலேயே வைப்பதில்லை. மெதுவாக என்றாலும் அதற்கு எப்போதும் 6 ஆம்பியர் போய்க்கொண்டிருக்கும்.

மற்றவற்றுக்கு, எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் என்று பகிர்வதைவிட, சிலருக்கு முழு வேகத்தில் முறை வைத்துக் கொடுப்பது நல்லது என்பது மீட்டர் அளவில் தெரிந்தது. சார்ஜ் ஏறும்போது வண்டியின் கணினியும் பம்பும் விழித்திருப்பதற்கே சில நூறு வாட் செலவாகும். 300 வாட் என்று வையுங்கள். 6 ஆம்பியரில் ஏறும் 1.4 கிலோவாட்டில் அது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். 7.4-ல் அது இருபத்தைந்தில் ஒரு பங்கு. ஆகவே மறுநாள் காலை யார் முதலில் கிளம்புகிறார்களோ அவர்களுக்கு முதல் முறை என்று வரிசையை மாற்றினோம். புறப்பாட்டு நேரப் பட்டியலை முந்தின நாள் மாலையே ஷிஃப்ட் மேற்பார்வையாளர் மென்பொருளில் ஏற்றிவிடுகிறார்.

ஃபேஸ் குழப்பம் இன்னொன்று. ஒரு ஃபேஸ் சார்ஜர்களை வரிசையாக மாட்டும்போது எல்லாவற்றையும் முதல் ஃபேஸிலேயே கொடுத்துவிட்டால் ஒரு கால் மட்டும் பாரம் தாங்கும், நியூட்ரலிலும் கணிசமான மின்னோட்டம் வரும். அதனால் ஒன்று, இரண்டு, மூன்று என்று சுழற்றி இணைக்கச் சொன்னோம். ஒப்பந்தக்காரர் கம்பியைச் சரியாகத்தான் சுழற்றினார், ஆனால் மென்பொருளில் எல்லாச் சார்ஜரும் முதல் ஃபேஸில் இருப்பதாகவே விட்டுவிட்டார். முதல் ஃபேஸ் நிரம்பிவிட்டது என்று மென்பொருள் வண்டிகளை நிறுத்திக்கொண்டிருந்தபோது, மற்ற இரண்டு ஃபேஸும் சும்மா இருந்தன. மெயின் ஃபீடரின் மின்னோட்டத்தை அளக்கும் சிடி கிளாம்ப் என்ற வளையம் ஒன்று திசை மாறிப் பொருத்தப்பட்டிருந்ததும் இதே சோதனையில் சிக்கியது. ஒவ்வொரு சார்ஜரிலும் ஒரு வண்டியை மாட்டி, கையில் கிளாம்ப் மீட்டரோடு பேனலில் நின்று, திரையில் தெரியும் ஃபேஸும் கையில் தெரியும் ஃபேஸும் ஒன்றா என்று பார்ப்பதைத் தவிர இதற்குக் குறுக்கு வழி இல்லை. சலிப்பான வேலைதான். வேலையை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுவதற்கு முன் செய்துவிடுவது உத்தமம்.

இணைய இணைப்பு போனால் என்ன ஆகும் என்பதையும் முன்கூட்டியே பார்க்க வேண்டும். தலைமை அமைப்போடு தொடர்பு அறுந்தால் ஒவ்வொரு சார்ஜரும் எவ்வளவு ஆம்பியர் கொடுக்க வேண்டும் என்று ஒரு தற்காப்பு அளவு வைக்கலாம். பெட்டி வரும்போது அது 32-ல் இருக்கலாம். அப்படி இருந்தால் தொடர்பு அறுந்த இரவில் எல்லாம் முழு வேகத்தில் இழுக்கும், மெயின் பிரேக்கர் விழும், கட்டடமே இருட்டாகும். மொத்தச் சார்ஜர் எண்ணிக்கையால் பெருக்கினாலும் பேனல் தாங்கும் அளவுக்கு அதை இறக்கி வைத்தோம். ஓட்டுநர்கள் தேய்த்துச் சார்ஜரைத் தொடங்கும் ஆர்எஃப்ஐடி அட்டைகளின் பட்டியலையும் பெட்டிக்குள்ளேயே சேமித்து வைத்தாயிற்று. இல்லாவிட்டால் நெட் இல்லாத நேரத்தில் அட்டையைத் தேய்த்துக்கொண்டே நிற்க வேண்டியதுதான்.

யார்டு

சார்ஜ் வாய் ஒரு மாடலில் முன்பக்கம், ஒன்றில் பின்பக்க இடது, இன்னொன்றில் முன் சக்கரத்துக்கு மேலே. யார்டில் கோடு போடுவதற்கு முன் வாங்கப் போகும் வண்டிகளின் வாய் எங்கே என்று தாளில் வரைந்து பார்த்தோம். சில வண்டிகளை ரிவர்ஸில் நிறுத்த வேண்டும், சிலவற்றை நேராக. கேபிள் சார்ஜரோடு சேர்ந்தே இருக்கும் வகையை எடுத்தோம், தனிக் கேபிள் என்றால் எந்த வண்டியின் டிக்கியில் கிடக்கிறது என்று காலையில் தேட வேண்டும். தொங்கவிட ஒரு கொக்கியும் சக்கரம் தடுக்க ஒரு கட்டையும் போட்டாலே கேபிளின் ஆயுள் கூடும்.

சத்தமில்லாத வண்டி யார்டுக்குள் ஆபத்துதான். ஐநாவின் 138-ஆம் எண் விதிமுறை, மின்வண்டிகள் 20 கிலோமீட்டர் வேகம் வரை செயற்கை ஒலி எழுப்ப வேண்டும் என்கிறது. ஆனால் ஜெனரேட்டரும் கம்ப்ரஸரும் ஓடும் யார்டில் அந்த ஒலி எடுபடாது. நடப்பவர்களுக்குத் தனிப் பாதை வரைந்தோம்.

ஓட்டுநர்கள்

ஓட்டுநர்களுக்கு நாள் முழுக்க வகுப்பு எடுக்கவில்லை. திரையில் தெரியும் கிலோமீட்டரை நம்பாமல் சதவீதத்தைப் பாருங்கள் என்று சொன்னோம். திரையில் வரும் தூரம் கடைசியாக ஓட்டிய விதத்தை வைத்து ஊகிப்பது. நகருக்குள் மெதுவாக ஓட்டிய வண்டி நெடுஞ்சாலையில் ஏறியதும் மளமளவென்று குறையும், காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதுதான் காரணம். கூரையில் ஏணி இருந்தால் இன்னும் மோசம். 60 யூனிட் பேட்டரியில் ஒரு சதவீதம் 0.6 யூனிட், அது ஏறக்குறைய 3 கிலோமீட்டர். இந்த "ஒண்ணுக்கு மூணு" கணக்கை மனதில் போட்டுக்கொண்டவர்கள் பிறகு பயப்படவே இல்லை.

இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டால் வண்டி தானாக வேகம் குறையும், அந்த ஆற்றல் பேட்டரிக்குத் திரும்பும். ஆனால் பேட்டரி நிரம்பியிருக்கும்போது திரும்பி வருவதை வைக்க இடமில்லை, அதனால் அந்த இழுவை பெரும்பாலும் இருக்காது. காலையில் முழுச் சார்ஜோடு கிளம்பும் ஓட்டுநருக்கு வண்டி நேற்றுபோல நிற்கவில்லையே என்று தோன்றும். இதை முன்பே சொல்லிவிட்டால் பிரேக் கோளாறு என்று புகார் வராது.

இயந்திரப் பராமரிப்பு நிஜமாகவே குறைந்தது. ஆயில், ஆயில் ஃபில்டர், கிளட்ச், புகைக்குழாய் எல்லாம் பட்டியலிலிருந்து போயின. ஆனால் டயர் சீக்கிரம் தேய்கிறது, எடையும் நின்ற இடத்திலேயே கிடைக்கும் இழுவிசையும் காரணம். பிரேக் டிஸ்க் தேய்வதற்குப் பதிலாகத் துருப்பிடிக்கிறது, அதனால் கழற்றிச் சுத்தம் செய்வது கால அட்டவணையில் ஏறியது. பிரேக் ஆயிலும் பேட்டரியின் குளிர்திரவமும் வழக்கம்போலத்தான்.

வழியில் நின்றுபோன அழைப்புகளில் பெரிய பேட்டரி காரணமாக இருந்ததே இல்லை. எப்போதும் அந்தச் சிறிய 12 வோல்ட் பேட்டரிதான். மின்வண்டியின் கதவு, திரை, ரிலே எல்லாம் அதை நம்பியே விழிக்கின்றன. எங்கள் ஜிபிஎஸ் கருவியும் அதிலிருந்துதான் சொட்டுச் சொட்டாக உறிஞ்சிக்கொண்டிருந்தது. கருவியை உறங்கு நிலைக்குப் போகும் வகைக்கு மாற்றினோம். நீண்ட விடுமுறைக்கு முன் பெரிய பேட்டரியைப் பாதி அளவில் விட்டு வைக்கிறோம், பல மாடல்கள் அதிலிருந்து 12 வோல்ட்டை அவ்வப்போது நிரப்பிக்கொள்ளும். 12 வோல்ட் பேட்டரி இறங்கிப்போனால் வண்டியை எழுப்ப, யார்டு அறையில் ஒரு ஜம்ப் பேக்கும் இருக்கிறது.

மீட்பு வண்டி ஒப்பந்தத்தையும் திருத்த வேண்டியிருந்தது. மோட்டார் இயக்கும் சக்கரம் தரையில் உருள மின்வண்டியைக் கட்டி இழுத்தால் மோட்டார் சுற்றி மின்சாரம் உண்டாக்கும், சேதமாகும். தட்டு வண்டியில் ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும். உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு நிறக் கேபிளைத் தொடும் வேலை எதையும் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் செய்வதில்லை. அதற்குப் பயிற்சி பெற்றவர், 1000 வோல்ட் தாங்கும் கையுறை, மின்சாரத்தைத் துண்டித்துக் காத்திருந்து சோதிக்கும் ஒழுங்கு எல்லாம் வேண்டும்.

வீட்டுக்குப் போகும் வண்டிகள்

இது தொழில்நுட்பத்தைவிடக் கணக்குப் பிரச்சினை. ஊழியர் வீட்டில் சார்ஜ் போட்டால் பணத்தை எப்படித் திருப்பிக் கொடுப்பது? ஓடிய தூரத்துக்கு ஒரு தோராய விகிதம் என்றால் ஏசி அதிகம் போடுபவருக்கு நஷ்டம், பொதுச் சார்ஜரில் ஏற்றிக்கொண்டவருக்கு லாபம். தனி மீட்டர் உள்ள சார்ஜரை வீட்டில் பொருத்தி, அதன் பதிவை நேராக எடுத்தோம். வாடகை வீட்டிலும் அடுக்குமாடியிலும் இருப்பவர்களுக்கு இது ஒத்துவராது. அவர்களுடைய வண்டிகளை யார்டில் விட்டுப் போகச் சொன்னபோது முணுமுணுப்பு வந்தது, நியாயமானதும்கூட. அவர்களை அவசரப்படுத்தாமல் அந்த வண்டிகளைக் கடைசிச் சுற்றுக்குத் தள்ளி வைத்தோம்.

பேட்டரி வகையைப் பற்றி ஒரு வார்த்தை. எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரியில் சார்ஜ் குறைந்தாலும் மின்னழுத்தம் பெரிதாக மாறாததால், மிச்சம் எவ்வளவு என்பதை வண்டி சரியாக ஊகிக்க அவ்வப்போது நூறு சதவீதம் வரை ஏற்ற வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். என்எம்சி (நிக்கல், மாங்கனீசு, கோபால்ட்) வகையை அன்றாடம் எண்பது சதவீதத்தோடு நிறுத்துவது நல்லது. கலந்து வாங்கினால் எந்த வண்டிக்கு எந்த வரம்பு என்பதை மென்பொருளில் பதிந்துவிடுங்கள், ஓட்டுநரின் நினைவை நம்ப வேண்டாம். உத்தரவாதம் பொதுவாக எட்டு வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், எழுபது சதவீதக் கொள்ளளவு என்று இருக்கும். வண்டியை விற்கும்போது காட்டுவதற்காக வருடம் ஒருமுறை பேட்டரி நிலை அறிக்கை எடுத்துக் கோப்பில் வைக்கிறோம்.

இன்னும் மாறாதவற்றில் முக்கியமானவை இரண்டு ஷிஃப்டிலும் ஓடும் வேன்கள். அவை யார்டில் ஒரேயடியாக நிற்பது ஷிஃப்ட் மாறும் முக்கால் மணி நேரம் மட்டும். 30 கிலோவாட் டிசி சார்ஜர் ஒன்று வைத்தால் அந்த நேரத்தில் 22 யூனிட் ஏறும், சுமை ஏற்றிய வேனுக்கு அது 80, 90 கிலோமீட்டர். பேட்டரி எண்பது சதவீதத்தைத் தாண்டியிருந்தால் வேகம் குறைந்துவிடும் என்பதால், முதல் ஷிஃப்ட் முடிந்து வரும்போது பாதிக்குக் கீழே இருக்க வேண்டும். பதிவுகளைப் பார்த்தால் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் எல்லா வேனும் ஒரே முக்கால் மணி நேரத்தில் வந்து நிற்கின்றன, சார்ஜர் ஒன்று. ஷிஃப்ட் மாறும் நேரத்தை வேனுக்கு வேன் சற்றுத் தள்ளி வைக்க முடியுமா என்று இப்போது பணி ஒதுக்கும் பிரிவோடு பேச்சு நடக்கிறது. அவர்கள் ஒப்புக்கொண்டால் ஒரு பெட்டி போதும். இல்லையென்றால் மூன்று வேண்டும், மூன்றுக்குப் பகலில் மெயின் ஃபீடரில் இடமில்லை.